முன்னறைகளில் நடந்த நேர்காணல்

சமுதாயக் கல்லூரியில் அவளுடைய பதவிக்கு நீளமான பெயர்: பொதுமக்கள் மற்றும் தொழில் நிறுவனத் தொடர்பு அலுவலர். அடையாள அட்டையில் அது ஒரே வரியில் அடங்காமல் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது. மாணவர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. யாரிடம் பேசினாலும் "வாங்க, கண்டிப்பா வாங்க" என்றுதான் அவள் பேச்சை முடிப்பாள் என்பதால், 'வாங்கக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒருநாள் பிரின்சிபாலே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட, பெயர் நிலைத்துப்போனது.

வேலையும் கூப்பிடுகிற வேலைதான். சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களைக் கல்லூரிக்குள் வரவழைக்க வேண்டும். வேலை கொடுக்கக்கூடியவர்களையும் வரவழைக்க வேண்டும். முதலாவதற்குத் தெருத்தெருவாக அலைந்தாள். இரண்டாவதற்கு வரவேற்பறைகளில் தவம் கிடந்தாள். எந்தக் கம்பெனியில் எந்த நாற்காலி ஆடும், எந்த வாட்ச்மேன் தண்ணீர் தருவார், எந்த மேலாளர் பின்வாசல் வழியாக நழுவுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"பேருதான் அலுவலரு. பாக்கறது காவடி தூக்குற வேலை," என்பான் அவள் கணவன். ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். கிண்டல் செய்வானே ஒழிய, அவள் எங்கே இறக்கிவிடச் சொன்னாலும் தன் சுற்றை மாற்றிக்கொண்டு இறக்கிவிடுவான்.

வருஷத்துக்கு ஒருமுறை கல்லூரியில் வேலைவாய்ப்பு நாள் நடக்கும். போன வருஷம் அதற்கு வந்தவர்கள் இரண்டே முதலாளிகள். அதில் ஒருவர் ரத்ததான முகாம் என்று நினைத்துச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்திருந்தார். விஷயம் தெரிந்ததும் அசடு வழிந்தபடி கையை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த மாணவர்களின் முகத்தை அவளால் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.

இந்த வருஷம் விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரி, குளிர்பதனக் கிடங்கு, லிஃப்ட் கம்பெனி, ஹோட்டல், பஸ் கம்பெனியின் பட்டறை, இன்னும் சில கம்பெனிகள் என்று ஒவ்வொருவராக வளைத்துப் பிடித்து வாக்கு வாங்கியிருந்தாள்.

இதற்கு நடுவில் அவளுக்கு ஒரு தலைவலியும் இருந்தது. கல்லூரி வாசலுக்கு நேர் எதிர்வீட்டுக்காரர். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவே அவரை ஸ்டேஷன் மாஸ்டர் என்றும், அவர் மனைவியை மாஸ்டரம்மா என்றும்தான் சொல்லும். காலையில் அவள் பையைக் கீழே வைப்பதற்குள் அவருடைய ஃபோன் வந்துவிடும். பைக்குகளைக் கோணலாக நிறுத்துகிறார்கள். வெல்டிங் பட்டறையில் சுத்தியல் சத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெண்மணி தினமும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, கல்லூரி கேட் திறக்கும்வரை அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"என் வாசப்படி என்ன வெயிட்டிங் ரூமா?" என்பார்.

"சொல்றேன் சார்," என்பாள் வாங்கக்கா.

சொன்னதில்லை. நோயாளிப் பராமரிப்பு படிக்கும் அந்தப் பெண்மணிக்கு நாற்பதை நெருங்கும் வயது. பிள்ளைகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுத் தொலைவிலிருந்து வருகிறவள். அந்த முதல் பஸ்ஸை விட்டால் அடுத்தது வகுப்பு தொடங்கிய பிறகுதான். வாங்கக்கா கல்லூரி வாட்ச்மேனைச் சீக்கிரம் வந்து கேட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள், அவர் மசியவில்லை. உட்கார ஒரு படி இருக்கிறதே, அதையும் பிடுங்குவானேன் என்று வாங்கக்கா திட்டுகளைத் தானே வாங்கிக்கொண்டு, பேசாமல் இருந்துவிட்டாள்.

வேலைவாய்ப்பு நாள் வந்தது. காலையில் அவள் கல்லூரிக்குள் நுழையும்போதே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மொட்டை மாடித் தொட்டியின் பெரிய குழாய் இரவோடு இரவாகப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. கூட்ட அறையில் கணுக்கால் அளவு தண்ணீர். மின்விசிறியின் இறக்கைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. அவள் முந்தைய நாள் மாலை பார்த்துப் பார்த்துப் போட்ட மேசைவிரிப்புகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. எலக்ட்ரிக்கல் ஆசிரியர் கட்டடம் முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிட்டார். வகுப்பறைகளில் இருட்டும் ஈரமும். முற்றத்தில் சேறு.

பிரின்சிபால் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு நடைவழியில் நின்றிருந்தார். கையில் கைக்குட்டை பிழியப் பிழியச் சுருண்டிருந்தது.

"ஒத்தி வச்சிடலாம்மா," என்றார். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"இவங்க அடுத்த மாசம் வர மாட்டாங்க சார். இந்தத் தடவை வர்றேன்னு சொல்ல வைக்கவே நாக்கு தள்ளிடுச்சு."

"எங்க உக்கார வைக்கிறது? சொல்லு. உன் தலையிலயா, என் தலையிலயா?"

அவள் வெளியே வந்தாள். கேட்டை ஒட்டி மாணவர்கள் நின்றிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. கல்லூரியிலிருந்து வழிந்த தண்ணீர் தெருவைக் குறுக்கே கடந்து எதிர்வீட்டு வாசலில் தேங்கியிருந்தது. அங்கே, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, ஸ்டேஷன் மாஸ்டர்.

இது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தபடி அவள் போய் எதிரில் நின்றாள்.

"மன்னிச்சிடுங்க சார். குழாய் உடைஞ்சிடுச்சு. ஆள் விட்டுத் தள்ளிடச் சொல்றேன்."

"அது கெடக்கட்டும். இந்தப் பிள்ளைங்க எல்லாம் எதுக்கு வெயில்ல நிக்குது?"

அவள் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொல்ல நினைத்தாள். ஆனால் அடைத்து வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து கொட்டியது. போன வருஷத்துக் கதை, ஆடுகிற நாற்காலிகள், ஆஸ்பத்திரி மேலாளரைப் பிடிக்கப் பட்ட பாடு, இப்போது அவர்கள் கிளம்பி வந்துகொண்டிருப்பது. கடைசியில் அழுகையே வந்துவிட்டது. எத்தனை வருஷம் தெருத்தெருவாகச் சுற்றியிருக்கிறாள், ஒருநாளும் யார் வாசலிலும் அவள் அழுததில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் எங்கோ பார்த்தார். உள்ளிருந்து மாஸ்டரம்மாவின் குரல் வந்தது.

"நம்ம முன்னறை சும்மாதான இருக்கு. ரெண்டு பேர உக்கார வச்சா குறைஞ்சா போயிடும்?"

அவர் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மொத்தம் எத்தனை கம்பெனி வருது?" என்றார். குரலே மாறியிருந்தது. "யார் யார் எந்தக் கம்பெனிக்குன்னு பிரிச்சு நிறுத்து. கும்பலா நிக்கக் கூடாது. ஆஸ்பத்திரி என் வீடு. மத்ததுக்கு நான் கேக்கறேன், நீ கூட வா."

கல்லூரியைப் பற்றிப் புகார் சொல்லாத நாளில்லாத மனிதர், கல்லூரிக்காக ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டு போனார். அவருக்கு இல்லை என்று சொல்ல அந்தத் தெருவில் யாருக்கும் தைரியம் இல்லை. ஆனாலும் பயந்து மட்டும் அவர்கள் கதவைத் திறக்கவில்லை என்பதை வாங்கக்கா பார்த்துக்கொண்டுதான் வந்தாள். ஒரு வீட்டில் காயப்போட்ட துணிகளை அள்ளி எடுத்துக் கட்டிலுக்கடியில் திணித்தார்கள். இன்னொரு வீட்டில், சுவரில் குழந்தை கிறுக்கியிருந்ததை மறைக்க நாள்காட்டியை இடம் மாற்றி மாட்டினார்கள். தையல்காரம்மா பாதி வெட்டிய துணியைச் சுருட்டி வைத்துவிட்டுத் தன் நீள மேசையைத் துடைத்துக் கொடுத்தாள்.

"பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா பெயிண்ட் அடிச்சிருப்பேனே," என்றார் ஒருவர்.

"பரவால்லண்ணே, அடுத்த தடவை அடிங்க," என்றாள் வாங்கக்கா. காலையிலிருந்து முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கணவனுக்கு ஃபோன் செய்தாள். ரொட்டி வாசனையோடு வேன் வந்தது. நனையாமல் தப்பிய நாற்காலிகளை அவனும் வெல்டிங் மாணவர்களுமாக ஏற்றி வீடு வீடாக இறக்கினார்கள். தெருமுனையில் நின்று ஸ்டேஷன் மாஸ்டர் கை காட்ட, ஒவ்வொரு காரும் அதனதன் வாசலில் போய் நின்றது. ஒரு மேலாளர் மட்டும் கண்ணாடியை இறக்கித் தண்ணீரைப் பார்த்தார், வீடுகளைப் பார்த்தார், "இதுவா காலேஜ்?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். வாங்கக்கா தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த கார் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது.

குளிர்பதனக் கிடங்கு முதலாளிக்குக் கிடைத்தது, வீட்டிலேயே அழகு நிலையம் நடத்தும் பெண்ணின் முன்னறை. அங்கிருந்த நல்ல நாற்காலி சுழல் நாற்காலி ஒன்றுதான். எதிரே பெரிய கண்ணாடி. தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டியிருந்ததில், கடுகடுவென்று கேட்க அவருக்கே கூச்சமாகிவிட்டது போல. உள்ளே போய்விட்டு வந்த ஏசி மெக்கானிக் மாணவர்கள் எல்லாரும் "ரொம்ப நல்ல மனுஷன்க்கா" என்றார்கள். அந்த மனுஷனின் வரவேற்பறையில் பல நாள் காத்துக் கிடந்த வாங்கக்கா தன் காதுகளை நம்பவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு முன்னறையில் ஒரு மரச் சாய்வு நாற்காலி, பழைய சுவர்க்கடிகாரம், கண்ணாடி அலமாரியில் அடுக்கிய பீங்கான் கோப்பைகள். ஆஸ்பத்திரியின் நர்சிங் மேலாளர் சின்ன மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பார்வை. ஐந்தாறு பேர் போய்வந்த பிறகு, தினமும் அந்த வீட்டு வாசற்படியில் உட்காரும் முதல் பஸ்காரம்மாவின் முறை. பயத்தில் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வாங்கக்காதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

"இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?" என்றார் மேலாளர்.

"எங்கயும் இல்ல மேடம். வீட்லதான்."

"எங்களுக்குக் காலை ஷிப்ட்டுக்குத்தான் ஆள் வேணும். விடியறப்பவே வந்து நிக்கணும். போன தடவை எடுத்தவங்கள்ல பாதிப் பேர் மாசம் முடியறதுக்குள்ள நின்னுட்டாங்க. பஸ் வரல, பிள்ளைக்குக் காய்ச்சல், ஏதாவது ஒண்ணு. உங்களுக்கும் வீடு தூரம், பிள்ளைங்க வேற இருக்கு. நீங்க விடாம வருவீங்கன்னு நான் எத வச்சு நம்பறது?"

வருவேன் என்று சொல்லலாம். எல்லாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். முதல் பஸ்காரம்மா வாங்கக்காவைத் திரும்பிப் பார்த்தாள். ஊரையே பேசி வளைக்கிற தான் இப்போது என்ன சொன்னாலும் கடைக்காரர் தன் சரக்கைப் புகழ்வது போலத்தானே இருக்கும் என்று வாங்கக்கா நினைத்தாள்.

"நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?"

சமையலறை வாசலில் ஸ்டேஷன் மாஸ்டர் நின்றிருந்தார். கையில் டீத் தட்டு.

"இந்தம்மா மேல நான் தினமும் புகார் பண்ணிட்டு இருக்கேன்," என்றார்.

வாங்கக்கா அவரைத் திரும்பி முறைத்தாள். இத்தனையும் செய்துவிட்டு இந்த மனிதர் இப்போதா வாயைத் திறக்க வேண்டும்?

"என்ன புகார்?" என்றார் மேலாளர்.

"முதல் பஸ்ல வந்து எறங்கி என் வாசப்படில உக்காந்துக்குது. நான் பால் எடுக்கக் கதவத் திறந்தா, அங்க இருக்கும். மழை பெய்ஞ்சா குடைய விரிச்சிட்டு உக்காந்திருக்கும். பஸ் ஸ்ட்ரைக் அன்னிக்காவது ஒழிஞ்சதுன்னு நினைச்சேன். எவன் வண்டியிலயோ ஏறி வந்து உக்காந்திருந்துச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வராம இருந்தா அன்னிக்குப் புகார் பண்ண வேண்டாமேன்னு பாத்தேன். இந்தப் படிப்பு ஆரம்பிச்சதுலேருந்து அந்த நாள் எனக்கு வரவே இல்ல." டீத் தட்டை மேசையில் வைத்தார். "நம்பலன்னா இவங்களக் கேளுங்க. ஃபோன எடுத்தது இவங்கதான்."

மேலாளர் வாங்கக்காவைப் பார்த்தார். "அப்படியா?"

"ஆமாங்க மேடம்," என்றாள் வாங்கக்கா. "தினமும்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு.

"நானும் எவ்வளவோ பேர் சிபாரிசு பண்ணிக் கேட்டிருக்கேன் சார். இப்படி ஒண்ணு கேட்டதில்ல," என்றார். பிறகு முதல் பஸ்காரம்மாவின் பக்கம் திரும்பி, "உக்காருங்கம்மா. நின்னுட்டே இருக்கீங்க. படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு விரிப்பு மாத்தணும்னா எப்படி மாத்துவீங்க, சொல்லுங்க," என்றார்.

அதற்குமேல் அவள் தயங்கவில்லை. படித்ததைச் சொன்னாள். சொல்லும்போதே கைகள் தாமாக ஒரு உடலைப் பக்குவமாகப் புரட்டிக் காட்டின. மேலாளர் இடையில் இரண்டொரு இடத்தில் திருத்தினார். அவள் திருத்திக்கொண்டாள்.

"அடுத்த திங்கக்கிழமை வந்து சேந்துக்கங்க," என்றார் மேலாளர் கடைசியில்.

வெளியே வந்ததும் முதல் பஸ்காரம்மா வாசற்படியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு ஸ்டேஷன் மாஸ்டரிடம், "நான் உக்கார்றது உங்களுக்கு இடைஞ்சல்னு எனக்குத் தெரியாதுங்கய்யா. யாரும் சொல்லல," என்றாள். கைகளைக் கூப்பினாள்.

அவர் வாங்கக்காவை ஒரு பார்வை பார்த்தார். வாங்கக்கா தரையைப் பார்த்தாள்.

"சொல்லாததும் நல்லதாப் போச்சு," என்றார் அவர். "சொல்லியிருந்தா எங்க போய் உக்காந்திருப்பே?"

"நான் எத்தனை தடவை சொன்னேன், அந்தப் பொண்ண உள்ள கூப்பிடுங்கன்னு," என்றபடி மாஸ்டரம்மா வந்தாள். "கேட்டாத்தான இந்த மனுஷன். நீ வாம்மா, வந்து ஒரு வாய் டீ குடி. காலைலேருந்து பச்சத் தண்ணிகூடப் பல்லுல படாம நிக்கிற."

முதல் பஸ்காரம்மா உள்ளே போய்ச் சாய்வு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். மாஸ்டரம்மா அழவிட்டு, கோப்பையைக் கையில் கொடுத்தாள்.

எல்லாருக்கும் வேலை கிடைத்துவிடவில்லை. லிஃப்ட் கம்பெனி ஒருவரை மட்டும் எடுத்தது. ஹோட்டல்காரர்கள் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்; அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் கிடங்கு முதலாளி கேட்டதைவிட அதிகமாக ஆள் எடுத்தார். பட்டறைக்காரர் வெல்டிங் பிள்ளைகளை மொத்தமாக ஒரு வாரம் வந்து வேலை செய்து காட்டச் சொன்னார். கிடைக்காதவர்களும் முகம் தொங்கிப் போகவில்லை. அவரவர் உட்கார்ந்திருந்த வீட்டில் ஏதோ ஒன்று சாப்பிடக் கொடுத்து, "அடுத்த தடவை கிடைச்சிடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மாலையில் நாற்காலிகளைத் திரும்ப எடுக்க வேன் வந்தது. கணவன் கம்பெனியில் சொல்லி ஒரு தட்டு நிறைய ரொட்டி வாங்கி வந்திருந்தான். "வெறுங்கையோட நன்றி சொல்லக் கூடாது," என்றான். அவன் கிண்டல் செய்யாமல் ஒரு வாக்கியம் பேசியதே அன்றைக்கு அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஒவ்வொரு வாசலிலும் ஒரு ரொட்டியைக் கொடுத்து நன்றி சொன்னாள். யாரும் அவளைச் சொல்லி முடிக்க விடவில்லை. கிடங்கு முதலாளி போகும்போது தலைமுடியைத் திருத்திக்கொண்டு போனார் என்று அழகு நிலையப் பெண் சிரித்தாள். கல்லூரியின் கணக்கெழுதும் படிப்பில் தன் வயதுள்ளவர்களைச் சேர்ப்பார்களா என்று தையல்காரம்மா கேட்டாள். காலையில் பெயிண்டைப் பற்றிப் பேசியவர், தன் முன்னறையில் வைத்துத்தான் ஒரு பிள்ளைக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை கிடைத்தது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் ரொட்டியை வாங்கிக்கொண்டு, "நன்றியெல்லாம் இருக்கட்டும். மொதல்ல அந்தக் குழாய மாத்தச் சொல்லு. நாளையிலேருந்து கேட்டும் சீக்கிரம் திறக்கணும். உங்க பிரின்சிபால்கிட்ட நானே பேசறேன்," என்றார். அவர் பேசினால் திறந்துவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

வேனுக்குத் திரும்பும்போது தெருக்கோடி வீட்டுக் கதவு திறந்தது. அச்சகத்தில் இரவு வேலை பார்க்கும் பெண் வெளியே வந்தாள். தூக்கத்தில் முகம் வீங்கியிருந்தது, தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"தெருவே திமிலோகப்பட்டுச்சாமே," என்றாள். "எல்லார் வீட்லயும் இடம் கேட்டீங்களாம். என் வீட்ல மட்டும் ஏன் கேக்கல?"

"நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து தூங்குவீங்கன்னு சொன்னாங்க. எழுப்ப மனசு வரல."

"தூக்கம் எங்க ஓடிடப் போகுது? தினமும்தான் தூங்கறேன். இப்படி ஒரு நாள் தினமுமா வருது?" நிஜமாகவே கோபமாக இருந்தாள். "தட்டியிருக்கலாம்ல. நானும்தான இந்தத் தெருவுல இருக்கேன்."

கேட்டதற்காக முகம் சுளித்தவர்களை வாங்கக்கா நிறையப் பார்த்திருக்கிறாள். கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்ட ஒருத்தியை இன்றுதான் பார்க்கிறாள்.

"தப்புதாங்க," என்றாள். "இனிமே கண்டிப்பாத் தட்டறேன்."

"சரி, வந்தது வந்துட்டீங்க. உள்ள வந்து உக்காருங்க. அண்ணனையும் வரச் சொல்லுங்க."

முன்னறை சின்னது. ஒரு கட்டில், சுவரோரம் ஒரு மடக்கு மேசை, இரண்டு முக்காலி. காலையிலிருந்து உட்காராத கால்கள் உட்கார்ந்த பிறகுதான் வலிக்கத் தொடங்கின. கணவன் மிச்சமிருந்த ரொட்டியை மேசைமேல் வைத்தான். அந்தப் பெண் அடுப்பில் பால் வைத்துவிட்டு, யார் யாருக்கு வேலை கிடைத்தது, ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்று எதிரே வந்து உட்கார்ந்தாள். வாங்கக்கா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.